வீட்டு வண்டியைச் சுற்றி ஒரு மண் வளையம்

போன வாரம் டீக்கடையில் கேரவன் ஓட்டும் டிரைவர் ஒருவர் தன் கைப்பேசியைத் திறந்து என்னிடம் காட்டினார். வண்டிக்குள்ளே கேமரா, கதவில் கேமரா, பின்னால் கேமரா. பூனை உரசினாலும் கைப்பேசி அலறுமாம். "இது எதுவும் இல்லாத காலத்துல வண்டியில இருக்கற பொருள எப்படிண்ணே காப்பாத்தினீங்க?" என்று கேட்டார். வாயால் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் அவருக்குச் சவாரி வந்துவிட்டது. "எழுதி அனுப்புங்கண்ணே, எங்க குரூப்புல போடறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதுகிறேன். நான் ஏழாம் வகுப்பைத் தாண்டாதவன். பிழை இருந்தால் குரூப்பில் இருப்பவர்களே திருத்திக்கொள்ளட்டும்.

என் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். பிறந்தது செய்யாறு பக்கம். வீட்டில் சோறு போதாது, பள்ளிக்கூடத்தில் அடி அதிகம். புளி ஏற்றிய லாரி ஒன்று ஊர் எல்லையில் நின்றது. ஏறிவிட்டேன். லாரியில் கிளீனர், போர்வெல் வண்டியில் குழாய் தூக்குகிறவன், நாசிக் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் காவல்காரன், டூரிங் டாக்கீஸில் ரீல் பெட்டி சுமக்கிறவன் என்று பல வேலை. எதிலும் நிலைக்கவில்லை. பாதி இடத்தில் முதலாளி விரட்டினார். மீதி இடத்தில் எனக்கே கால் அரித்தது. போர்வெல் வண்டியில் இடது கைச் சுண்டுவிரல் போனது. டிரைவிங் வந்ததும் அதே வண்டியில்தான். எண்பதுகளின் கடைசியில் பாண்டிச்சேரிக்கு மீன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது மரக்காணத்தில் கமால் பாயைப் பார்த்தேன்.

பாய் வளைகுடாவில் தண்ணீர் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். அங்கே அரபுக்காரர்கள் குடும்பத்தோடு வீட்டு வண்டியில் பாலைவனத்துக்குப் போய்ப் படுத்துக் கிடந்துவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறார். ஊருக்கு வந்ததும் ஏலத்தில் ஒரு பழைய மினி பஸ்ஸை எடுத்தார். சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு மூன்று படுக்கை, ஒரு கேஸ் அடுப்பு, கூரைமேல் தண்ணீர்த் தொட்டி, பேட்டரியில் ஓடும் ஃபேன், பூப்போட்ட திரைச்சீலை எல்லாம் வைத்தார். ஊரே வந்து பார்த்தது. அனுமந்தையிலிருந்து மீன் விற்க வரும் அம்மா ஒருத்தி உள்ளே ஏறி எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி பாய், கக்கூசு எங்க?" என்று கேட்டாள். பாய் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். "அதோ, சவுக்குத் தோப்பு."

கழுவெளி ஏரிக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள், கடற்கரையில் தங்க ஆசைப்படும் மெட்ராஸ் குடும்பங்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள் என்று வாடகைக்கு ஆள் கிடைத்தது. வண்டி ஓட்டவும் காவல் இருக்கவும் பாய்க்கு ஆள் வேண்டியிருந்தது. என்னிடம் லைசென்ஸைக் கேட்கவில்லை. வண்டியைக் காட்டி, "நீ திருடணும்னா இதுல எத, எப்படித் திருடுவ?" என்று கேட்டார்.

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினேன். பின்னால் கேஸ் சிலிண்டர் சும்மா நிற்கிறது, தூக்கிக்கொண்டு போகலாம். ஜன்னலில் அடுக்கிய கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவலாம். கையை விட்டால் அலமாரி எட்டும். கூரைத் தொட்டியின் பித்தளைக் குழாய்க்கு நல்ல விலை கிடைக்கும். எல்லாவற்றையும் சொன்னேன். பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி லுங்கி முனையில் துடைத்தார். "அரே, உனக்குத்தான்பா இந்த வேலை" என்றார்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் ஏற ஏறக் குரல் இறங்கிக்கொண்டே போகும். சந்தோஷமாக இருந்தால் நான் 'தணி'. கோபமாக இருந்தால் 'தணிகாசலம் சார்'. அந்த 'சார்' வந்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

செலவு செய்து பூட்டுப் போட அவர் தயாராக இல்லை. "பெரிய பூட்டு தொங்கினா, உள்ள ஏதோ பெருசா இருக்குதுன்னு நாமளே சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடும்பா" என்பார். அதனால் அவர் வைத்த ஏற்பாடுகளில் முக்கால்வாசி காசில்லாதவை. பழைய சைக்கிள் செயினால் சிலிண்டரைக் கட்டினோம். ஜன்னல் கண்ணாடிகளைக் கிழிந்த சைக்கிள் டியூபை நறுக்கி இறுக்கினோம். கதவுப் பிடியின் உள்பக்கம் கூழாங்கல் போட்ட பால் டின் ஒன்று தொங்கும். கதவை அசைத்தால் கடகடவென்று கத்தும். கொடியில் ஒரு பனியன் எப்போதும் காயும். எங்கே வாங்கினாரோ, யானைக்குட்டிக்குப் போடலாம். அதைப் பார்க்கிறவன் இவ்வளவு பெரிய ஆள் உள்ளே தூங்குகிறானா என்று யோசிப்பான் இல்லையா?

பின்சக்கரத்தில் நாய்ச் சங்கிலி, பக்கத்தில் சோற்றுப் பருக்கை ஒட்டிய அலுமினியத் தட்டு. நாய் கிடையாது. கொஞ்ச நாளில் அந்தத் தட்டைத் தேடி நிஜமாகவே ஒரு நாய் வந்துவிட்டது. வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் வாலாட்டியது. பாய் அதைப் பார்த்துவிட்டு, "இத மொதல்ல தொரத்து தணி. நம்ம நாயோட பேரக் கெடுக்குது" என்றார்.

விலை உயர்ந்த பொருளை அசிங்கமான இடத்தில் வைக்க வேண்டும் என்பது இன்னொரு சட்டம். அரிசி டின்னின் அடி, அழுக்குத் துணிப் பை, வெங்காயக் கூடை. பளபளப்பான டப்பாவில் வைத்தால் முதலில் போவது அதுதான். வண்டியை எந்த ஊரில் நிறுத்தினாலும் இறங்கியதும் பக்கத்து டீக்கடைக்குப் போய் நான் இன்னார், இந்த வண்டி இன்னாருடையது, இத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்க வேண்டும். அந்த டீக்குப் பாய் காசு கொடுத்துவிடுவார். எங்கள் காவல் செலவே அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருந்தது. அதுதான் மண் வளையம்.

மரக்காணத்து உப்பளத்தில் வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்ததும், மேலே மரக்கட்டையால் வரிசையாக அச்சுக் குத்தி வைப்பார்கள். யாராவது ஒரு கூடை அள்ளினாலும் அச்சு கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். பாய் அந்த வித்தையை வண்டிக்குக் கொண்டுவந்தார். வண்டியைச் சுற்றி ஓர் ஆள் தாண்ட முடியாத அகலத்துக்குப் பொடிமணல் பரப்ப வேண்டும். பாத்தியில் உப்பு எடுத்த பிறகு மிஞ்சும் கசப்புத் தண்ணீரை அதன்மேல் தெளிக்க வேண்டும். அந்தத் தண்ணீர் இலவசம். அது தெளித்த மணல் எளிதில் காயாது, காற்றுக்கும் பறக்காது. அதில் எறும்பு போனாலும் தடம் நிற்கும். பிறகு பின்பக்கமாக நடந்துகொண்டே பலகையால் சமன் செய்து, கடைசியில் நாலு மூலையிலும் அச்சுக் குத்த வேண்டும்.

இது யாரையும் தடுக்காது. ஆனால் அங்கே உப்பளத்தில் எல்லாருக்கும் வெறுங்கால்தான். பக்கத்தில் வேலை செய்கிறவனின் பாதத்தை, வெடிப்பு முதற்கொண்டு, அவர்கள் முகம் மாதிரி தெரிந்து வைத்திருப்பார்கள். வளையத்தில் கால் வைத்தவன் தன் பெயரை எழுதிவிட்டுப் போன மாதிரிதான். இது ஊருக்கே தெரியும். அதனால் ஒருவரும் வளையத்தை மிதிக்கவில்லை, வண்ணாரப்பேட்டைக் குடும்பம் வந்த அந்த முறை வரைக்கும்.

வந்தவர்கள் மூன்று பேர். துணிக்கடை வைத்திருக்கும் ஏகாம்பரம், அவருடைய ஒரே பெண் மல்லிகா, அவள் புருஷன் சேகர். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மல்லிகாவுக்கு அம்மா இல்லை. அம்மாவின் தங்க வளையல் இரண்டை எப்போதும் கையில் போட்டிருப்பாள். சேகருக்கு வீடியோ கேசட் வாடகைக்கு விடும் கடை போட ஆசை. வளையலை அடகு வைத்தால் கடை போட்டுவிடலாம் என்று ஒருமுறை கேட்டிருக்கிறார். ஏகாம்பரம் முடியாது என்றுவிட்டார். இந்தக் கதை எனக்கு எப்படித் தெரியும் என்றால், மெட்ராஸிலிருந்து மரக்காணம் வரும் வரை வண்டியில் இதைத்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். "படம் பாக்கறவன் தியேட்டருக்குப் போவான் மாப்ள. டப்பாவ வாடகைக்கு எடுத்துட்டுப் போயி என்ன பண்ணுவான்?" என்று மாமனார் கேட்பார். மாப்பிள்ளை ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பார்.

உப்பளத்துக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவில் இருந்த மேட்டில் வண்டியை நிறுத்தினேன். தோப்பைத் தாண்டினால் கடல். சாயங்காலம் உப்பளத்தைப் பார்க்க மூவரும் போனார்கள். சேகர் போட்டோ எடுக்கிற ஆசையில் செருப்போடு பாத்திக்குள் இறங்கிவிட்டார். மேஸ்திரி கன்னியப்பன் எங்கிருந்தோ கத்திக்கொண்டு ஓடிவந்தார். "யோவ், செருப்பக் கழட்டுய்யா! சோறு போடற எடம்யா அது!"

சேகர் பயந்து கரையேறினார். உப்பளத்தின் முதலாளியே வந்தாலும் செருப்பைக் கரையில் விட்டுவிட்டுத்தான் பாத்தியில் இறங்குவார் என்று நான் விளக்கிச் சொன்னேன். ஏகாம்பரம், "நம்ம மாப்ளைக்குப் போற எடமெல்லாம் மரியாதைதான்" என்றார்.

மறுநாள் காலையில் கடலில் குளிக்கக் கிளம்பினார்கள். அலையில் வளையல் கழன்றுவிடும் என்று மல்லிகா கழற்றி பிஸ்கட் டின்னுக்குள் வைத்தாள். அடுப்புக்கு மேல் அலமாரியில் பளபளவென்று இருந்த டின். "அரிசி டின்ல வையுங்கம்மா" என்று சொன்னேன். "பிஸ்கட்ட எவன்பா திருடப் போறான்?" என்றார் ஏகாம்பரம். கேஸ் வாசனை வருகிறது என்று அடுப்பு ஜன்னலையும் முழுதாகத் திறந்து வைத்துவிட்டார். அதோடு விடவில்லை. "ஏம்பா, ரெண்டு நாற்காலியத் தூக்கிட்டு வா. மணல்ல உக்காந்தா என்னால எழுந்திருக்க முடியாது."

"வண்டிகிட்ட ஒரு ஆள் இருக்கணும் சார். பாய் சட்டம்."

"பாய்கிட்ட நான் சொல்லிக்கறேன். வாப்பா."

வளையத்தில் கசப்புத் தண்ணீர் தெளித்து, சமன் செய்து, அச்சுக் குத்திவிட்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். தோப்புப் பாதை தொடங்கும் இடத்தில் மணல் கொட்டிக் கிடக்கும். மல்லிகாவும் சேகரும் அங்கேயே செருப்பைக் கழற்றிவிட்டார்கள். சேகருடையது புதுச் செருப்பு. அடிப்பாகம் முழுக்க நட்சத்திரம் நட்சத்திரமாக வரி. தலைதீபாவளிக்கு மாமனார் வாங்கிக் கொடுத்தது. மாமனார் மட்டும் தோல் ஷூவைக் கழற்றவில்லை.

கடலில் நன்றாகத்தான் இருந்தார்கள். நடுவில் சேகர், "இதோ வந்துடறேன்" என்று தோப்புப் பக்கம் போனார். கொஞ்ச நேரம் கழித்துக் கிராம்பு மென்றுகொண்டு திரும்பி வந்தார்.

திரும்பும்போது மல்லிகாவின் செருப்பு இருந்தது. சேகரின் செருப்பைக் காணோம். "நாய் தூக்கியிருக்கும்" என்று சிரித்துக்கொண்டே வந்தோம். வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் நாற்காலிகளைக் கீழே போட்டுவிட்டேன். வளையத்தின் குறுக்கே அடுப்பு ஜன்னல் வரைக்கும் ஒரு வரிசைத் தடம், திரும்பி ஒரு வரிசை. எல்லாம் நட்சத்திரம். பிஸ்கட் டின் இல்லை.

மல்லிகா வெறும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்பா, அம்மா வளையலு."

ஏகாம்பரம் குனிந்து தடத்தைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வேறு ஆளுடைய முகமாக இருந்தது.

"மாப்ள, நடுவுல எங்க போனீங்க?"

"சும்மாதான் மாமா. தோப்புப் பக்கம்."

"தோப்புல என்ன?"

சேகர் மாமனாரைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அந்த முழியைப் பார்த்து நானே சந்தேகப்பட்டேன்.

"அடகு வைக்கக் கேட்டீங்க. குடுக்கலன்னதும் எடுத்துட்டீங்களா?"

"மாமா, சத்தியமா நான் எடுக்கல."

"அப்ப தோப்புல என்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க."

சேகர் தலையைத் தூக்கவில்லை. ஏகாம்பரம் பெண்ணின் பக்கம் திரும்பினார். "மல்லிகா, பொட்டிய எடு. பஸ்ஸ புடிச்சு வீட்டுக்குப் போறோம். நீயும் நானும் மட்டும்."

மல்லிகா அசையவில்லை. அழவும் இல்லை. புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீக்கடைக்காரர் மூலம் பாய்க்குச் சொல்லி அனுப்பினேன். மொபெட்டில் வந்தார். "தணிகாசலம் சார், வண்டிய விட்டுட்டு எங்க போயிருந்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். ஏகாம்பரம், "நான்தான் பாய் கூட்டிட்டுப் போனேன்" என்றார். பாய் தலையாட்டினார். அதற்குப் பிறகு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வளையத்துக்கு வெளியிலேயே சுற்றி வந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தடம் போன திசையில் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். தடம் தோப்புக்குத் திரும்பவில்லை. கெட்டித் தரையில் காணாமல் போய், உப்பளத்துக்குப் போகும் மண்பாதையில் மறுபடி தெரிந்தது. உப்பளக் கரையில் போய் நின்றது.

கரைமேல் சேகரின் செருப்பு. ஜோடியாக, வீட்டு வாசலில் விட்ட மாதிரி ஒழுங்காக இருந்தது. அதற்குக் கீழே அன்றைக்கு வாராத பாத்தி. உப்பு பூத்து வெள்ளைத் தகடாக இருந்தது. அதன்மேல் வெறுங்கால் தடம் நேராக எதிர்க்கரை வரை போயிருந்தது. எதிர்க்கரையைத் தாண்டி ஆட்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள்.

பாய் சிரித்துவிட்டார். "ஏகாம்பரம் சார், இது உங்க மாப்ள இல்ல."

"செருப்பு அவருதுதானே?"

"செருப்பு அவருது. கழட்டினவன் வேற. தன் கால் தெரியக் கூடாதுன்னு செருப்ப மாட்டிட்டு வந்திருக்கான். நல்ல மூளைதான். ஆனா இங்க வந்ததும் செருப்போட உள்ள எறங்க அவனுக்குக் கால் வரல."

சத்தம் கேட்டு வந்து நின்ற கன்னியப்பன் மேஸ்திரி நெஞ்சை நிமிர்த்தினார். "எப்படிங்க வரும்? எங்க ஆளு ஒருத்தன்கூட செருப்போட எறங்க மாட்டான்!" சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் ஏகாம்பரம் கடை நடத்துகிறவர், சுலபத்தில் விடவில்லை. "நேத்துதான் இவரு மாப்ளைய அந்தத் திட்டு திட்டினாரே. அதுக்குப் பயந்து இன்னைக்குக் கழட்டியிருக்கலாம் இல்ல?"

நியாயமான கேள்விதான். பாய் கொஞ்சம் யோசித்தார். பிறகு சேகரைக் கூப்பிட்டார். "தம்பி, இந்தப் பக்கத்துப் பாத்தியில எறங்கி அந்தக் கரை வரைக்கும் நடந்து போங்க."

சேகர் பேண்ட்டை மடித்துவிட்டு இறங்கினார். முதல் அடியிலேயே "ஆ!" என்றார். புது உப்புக்குக் கண்ணாடித்தூள் மாதிரி முனை இருக்கும். அதற்குக் கீழே வழுக்குகிற சேறு. குதிகாலைத் தூக்கினார், விரலை மடக்கினார், ஒரு காலை எடுத்து இன்னொரு கால்மேல் வைக்கப் பார்த்தார். நாலைந்து அடி போவதற்குள் தொப்பென்று உப்புத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். எதிர்க்கரையில் வேலை செய்த பெண்கள் பலகையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். "ஐயோ, பட்டணத்து மாப்ள உப்புல ஊறுகா ஆயிட்டாரு!" மல்லிகாவும் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

சேகரின் தடம் கோழி கிளறியது போல் இருந்தது. பக்கத்துப் பாத்தியில் அந்த இன்னொரு தடம் கயிறு பிடித்த மாதிரி நேராக இருந்தது. ஏகாம்பரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். சேகரால் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. காலில் எங்கோ கீறி, கீறலில் உப்பு ஏறி முனகினார். ஏகாம்பரம் கையை நீட்டிக்கொண்டே ஷூவோடு பாத்திக்குள் காலை வைத்தார்.

"யோவ்! ஷூவு!" என்று மேஸ்திரி கத்தினார்.

ஏகாம்பரம் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கினார். அவரும் "அப்பா! அம்மா!" என்று குதித்துக்கொண்டே போய் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று தெரியாமல் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தார்கள். மாமனார் மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. தன் துண்டை எடுத்து மாப்பிள்ளையின் காலைத் துடைத்தார். சேகர் பதறிக் காலை இழுத்தார். "உடுங்க மாப்ள" என்று அதட்டித் துடைத்தார்.

துடைத்துக்கொண்டே, "தோப்புல என்னதான் பண்ணீங்க? அத அப்பவே சொல்லியிருந்தா என்ன?" என்று கேட்டார்.

சேகர் மறுபடி தரையைப் பார்த்தார். மல்லிகா பதில் சொன்னாள். "சிகரெட்டுப்பா. புடிக்க மாட்டேன்னு என் தலமேல சத்தியம் பண்ணியிருக்காரு. கிராம்ப மென்னா வாசன போயிடுமா? அத நான் தனியா கேட்டுக்கறேன்." பிறகு வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள். "தோப்புலேந்து வந்தப்பவே எனக்குத் தெரியும். நீங்க பொட்டிய எடுன்னப்போ, இவரே வாயத் தொறந்து சொல்லட்டும்னு பாத்துட்டு நின்னேன்."

ஏகாம்பரத்துக்கு அடுத்த கோபம் திருடன்மேல். "பாய், போலீசக் கூப்புடுங்க. இந்தத் தடம் யாருதுன்னு மேஸ்திரிக்குத் தெரியும்."

மேஸ்திரிக்குத் தெரியும்தான். அந்த நேர்த் தடத்தை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றதை நானும் கவனித்தேன். "பொருள் வந்துடும் சார். பேரு மட்டும் கேக்காதீங்க. அந்த வீட்டுலயும் பொண்டாட்டி புள்ள இருக்குது" என்றார்.

"அதெப்படி?" என்று ஏகாம்பரம் ஆரம்பித்தார்.

மல்லிகா குறுக்கிட்டாள். "எனக்கு வளையல் வந்தா போதும்ப்பா. ஆளு வேணாம். இன்னைக்கு ஒருத்தர நிக்க வெச்சுக் கேட்டது போதும்."

மேஸ்திரி வாருபலகையை எடுத்து அந்தப் பாத்தியில் தானே இறங்கி, தடத்தோடு சேர்த்து உப்பை இழுத்தார். எதிர்க்கரை வரை இழுத்து முடித்ததும் வெள்ளைத் தகடும் இல்லை, தடமும் இல்லை. பிறகு எல்லாரையும் கூப்பிட்டார். "ஆளுக்கொரு கூடை உப்பு. அம்பாரத்துக்குப் பின்னால போயி ரொப்பிட்டு வாங்க. ஒருத்தர் போயி வந்த பெறவு அடுத்தவரு."

அந்த உப்பளத்தில் ஏதாவது காணாமல் போனால் இதுதான் வழக்கமாம். அம்பாரத்தின் மறைவில் தனியாகக் கூடையை நிரப்பும்போது, எடுத்தவன் பொருளை உள்ளே போட்டுவிடலாம். எல்லாக் கூடையும் ஒரே இடத்தில் கொட்டப்படும். எந்தக் கூடையிலிருந்து வந்தது என்று பார்க்கக் கூடாது. கொட்டும்போது எல்லாரும் முதுகைத் திருப்பிக்கொண்டோம். ஏகாம்பரத்தையும் பாய் தோளைப் பிடித்துத் திருப்பினார். சளக், சளக் என்று உப்பு விழும் சத்தம் மட்டும் கேட்டது. பெண்கள் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டே கொட்டினார்கள். "ஏ, என் கூடையில உன் மூக்குத்தி விழுந்துடப் போவுது, பாத்துக்க!"

கடைசிக் கூடையும் விழுந்த பிறகு மேஸ்திரி குவியலைப் பலகையால் பரப்பினார். வெள்ளை உப்பில் வளையல் இரண்டும் மஞ்சளாகத் தெரிந்தன. டின் வரவில்லை, பிஸ்கட்டும் வரவில்லை.

"பிஸ்கட்டு என் கணக்கு" என்றார் பாய்.

எடுத்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மேஸ்திரி சொல்லவில்லை, பாய் கேட்கவில்லை. ஏற்பாட்டில் ஒரே ஒரு சட்டம் புதிதாகச் சேர்ந்தது. வந்தவர்கள் வெளியே கிளம்பியதும் அவர்கள் விட்டுப்போகும் செருப்பை எல்லாம் பொறுக்கி வண்டிக்குள் போட வேண்டும். அதற்குப் பிறகு பாய் வண்டியை விற்கும் வரை வளையத்தில் நாய்த் தடமும் நண்டுத் தடமும்தான் பார்த்தேன்.

வளையலை மல்லிகா கழுவித் துடைத்தாள். கையில் போட்டுக்கொள்ளவில்லை. அப்பா பார்க்கும்படி சேகரின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

"கடையப் போடுங்க. நானே குடுக்கறேன்." பிறகு அப்பாவிடம் சொன்னாள். "உங்க கண்ணு முன்னாடிதான் குடுத்தேன். இனிமே காணோம்னு யாரும் யாரையும் கேக்க வேணாம்."

ஏகாம்பரம் தான் கழற்றி எறிந்த ஷூவைத் தேடப் போனார். 

அன்று பகலிலேயே மெட்ராஸுக்குக் கிளம்பினோம். வரும்போது தனித்தனிப் படுக்கையில் உட்கார்ந்து வந்த மாமனாரும் மாப்பிள்ளையும், போகும்போது காலில் துணி சுற்றிக்கொண்டு ஒரே படுக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச தூரம் போனோம். பிறகு ஏகாம்பரத்தின் குரல் கேட்டது. "கடைக்கு மொதல்ல என்னென்ன படம் வாங்கப் போறீங்க மாப்ள? சாமி படம் நெறைய வையுங்க. பொம்பளைங்க வருவாங்க." சேகர் சொல்ல ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை.

வழியில் ஒரு டீக்கடை வந்தது. "ஓரமா நிறுத்துப்பா" என்றார் ஏகாம்பரம். நிறுத்தினேன். அவர் இறங்கவில்லை. காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, "எனக்குத் தூக்கம் வருது. கொஞ்ச நேரம் கண்ண மூடறேன். மாப்ள, நீங்க வேணும்னா எறங்கிக் காத்து வாங்கிட்டு வாங்க. நான் ஒண்ணும் பாக்கல" என்றார்.

சேகர் எழுந்து கதவுப் பிடியில் கை வைத்தார்.

"நான் கண்ண மூடல" என்றாள் மல்லிகா.